பிளேஆஃப் தொடங்குகிற அன்று எவ்வளவு நம்பலாம்?

கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். நீங்கள் அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் ஆடும் சியாட்டில் மரினர்ஸ் அணியின் ரசிகர். 2022-லும் 2025-லும் அணி பிளேஆஃபுக்குப் போனபோது "இந்த வருஷம் நிச்சயம்" என்று நம்பியிருக்கிறீர்கள், இரண்டு முறையும் மனசு உடைந்திருக்கிறது. கூட வேலை பார்ப்பவர் "பேஸ்பால் பிளேஆஃப் வெறும் லாட்டரி, அதை நம்புவது வேலையத்த வேலை" என்கிறார். அடுத்த முறை பிளேஆஃப் தொடங்கும் அன்று எவ்வளவு நம்பலாம், எதைப் பார்த்து நம்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதாமல் விட்ட கேள்வி ஒன்றும் இதற்குள் இருக்கிறது: ஆறு மாதம் நல்ல அணியாக இருந்த ஒன்று ஒரே வாரத்தில் எப்படி மோசமான அணி ஆனது? அது ஆகவில்லை. அங்கிருந்துதான் பதிலைத் தொடங்க வேண்டும்.

உங்கள் சகா சொன்னதில் பாதி சரி. லாட்டரியில் எல்லாச் சீட்டுக்கும் ஒரே மதிப்பு. இங்கே அப்படியில்லை, சில அணிகள் கையில் இரண்டு மூன்று சீட்டோடு வருகின்றன. ஆனால் எவ்வளவு நல்ல அணியானாலும் தொடங்கும் அன்று அதன் கோப்பை வாய்ப்பு நான்கில் ஒன்றைத் தாண்டுவது அபூர்வம். இதை ஒரு ரசிகர் மனதார ஏற்றுக்கொள்வது கஷ்டம்தான். கணக்கைப் போட்டுப் பார்த்தால் கொஞ்சம் எளிதாகும்.

2022-லிருந்து நடப்பில் இருக்கும் முறைப்படி அமெரிக்கன் லீகிலிருந்து ஆறு, நேஷனல் லீகிலிருந்து ஆறு என 12 அணிகள் வருகின்றன. ஒவ்வொரு லீகிலும் மூன்று டிவிஷன் (லீகின் உட்பிரிவு) வெற்றியாளர்களுக்கு முதல் மூன்று இடம், மூன்று வைல்டு கார்டு அணிகளுக்கு (டிவிஷனை ஜெயிக்காதவர்களில் அதிகம் ஜெயித்தவை) அடுத்த மூன்று. முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் முதல் சுற்றை ஆடாமலே தாண்டிவிடுவார்கள். மற்ற நால்வரும் மூன்று ஆட்டத் தொடர் ஆட வேண்டும், அதுவும் முழுக்க மேலிடத்து அணியின் மைதானத்தில். பிறகு ஐந்து ஆட்ட டிவிஷன் தொடர், ஏழு ஆட்ட லீக் சாம்பியன்ஷிப், இரு லீக் சாம்பியன்களும் கோப்பைக்கு மோதும் ஏழு ஆட்ட வேர்ல்டு சீரிஸ். ஐபிஎல் பார்த்துப் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே முதல் இரண்டு இடத்துக்குப் பரிசு, தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு. இங்கே அப்படி இரண்டாம் உயிர் கிடையாது. ஒரு சுற்று குறைகிறது, பிட்ச்சர்களுக்கு (பந்தெறிபவர்களுக்கு) ஓய்வு கிடைக்கிறது, அவ்வளவுதான். 162 ஆட்டம் ஆடிச் சம்பாதித்த சலுகை ஐந்து ஆட்டத்தில் தீர்ந்துபோகலாம்.

இப்போது கணக்கு. 97 ஆட்டம் ஜெயித்த அணி, 89 ஆட்டம் ஜெயித்த அணியைப் பொதுவான ஒரு மைதானத்தில் சந்திக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெற்றி விகிதங்களை வைத்துப் பார்த்தால் ஒரு தனி ஆட்டத்தில் முதல் அணிக்கு வாய்ப்பு சுமார் 55 சதவீதம். சீசன் முழுவதும் எட்டு ஆட்டம் முன்னால் நின்ற அணிக்கு ஓர் இரவில் இருக்கிற மேல்கை அவ்வளவுதான். அந்த 55 சதவீதத்தைத் தொடருக்குள் போட்டால் மூன்று ஆட்டத் தொடரை ஜெயிக்க 57, ஐந்து ஆட்டத் தொடரை ஜெயிக்க 59, ஏழு ஆட்டத் தொடரை ஜெயிக்க 61 சதவீதம் வரும். தொடர் நீண்டால் நல்ல அணிக்கு லாபம் என்பது உண்மை. ஆனால் ஐந்தை ஏழாக்கினால் கிடைப்பது சுமார் இரண்டு சதவீதம்தான். ஐந்து, ஏழு, ஏழு ஆட்டங்கள் கொண்ட மூன்று தொடர்களையும் பெருக்கினால், முதல் சுற்றைத் தாண்டிய அப்படிப்பட்ட அணியின் கோப்பை வாய்ப்பு 22 சதவீதம். முதல் சுற்றும் ஆட வேண்டியிருந்தால் 12.6, அதாவது எட்டில் ஒன்று.

இன்னொரு பக்கத்திலிருந்தும் பாருங்கள். அதே அளவு நல்ல அணி ஐந்து வருஷம் வரிசையாக முதல் சுற்றைத் தாண்டி வந்தாலும், ஐந்து வருஷமும் கோப்பை இல்லாமலே போவதற்கு 29 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அப்படி ஒரு அணி உங்களுக்குக் கிடைத்தால் ஐந்தாவது வருஷம், பிளேஆஃப் நடக்கும் அக்டோபர் மாதத்தைச் சொல்லி, ரேடியோவில் எல்லோரும் "இவங்களுக்கு அக்டோபர்ல நெஞ்சுரம் இல்லை" என்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

இந்த 55 என்பது நான் கையில் எடுத்துக்கொண்ட எண், அளந்து சொன்னது அல்ல. யார் பந்தெறிகிறார், யாருடைய மைதானம் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு இரவும் அது 45-க்கும் 60-க்கும் இடையே ஆடும். ஆனால் பெரிய படம் மாறாது. வரலாறும் அதையே சொல்கிறது. உங்கள் மரினர்ஸே 2001-ல் 116 ஆட்டம் ஜெயித்தார்கள். லீக் சாம்பியன்ஷிப்பில் யாங்கீஸிடம் 4-1 என்று தோற்றார்கள். அதே 116-ஐ 1906-ல் தொட்ட சிகாகோ கப்ஸ், ஊர்க்கார வைட் சாக்ஸிடமே வேர்ல்டு சீரிஸை விட்டது. 2022-ல் 111 ஜெயித்த டாட்ஜர்ஸை 89 ஜெயித்த சான் டியேகோ வீட்டுக்கு அனுப்பியது. 2023-ல் 100 ஆட்டத்துக்கு மேலோ 100 ஆட்டமோ ஜெயித்த மூன்று அணிகளும் (அட்லாண்டா 104, பால்டிமோர் 101, டாட்ஜர்ஸ் 100) தங்கள் முதல் தொடரிலேயே வெளியே. அந்த வருஷம் வேர்ல்டு சீரிஸ் ஆடிய அரிசோனா ஜெயித்தது 84 ஆட்டம். 2006-ல் செயின்ட் லூயிஸ் 83 ஜெயித்துக் கோப்பையையே தூக்கியது.

2023-க்குப் பிறகு ஒரு வாதம் சூடு பிடித்தது: ஐந்து நாள் சும்மா உட்கார்ந்தால் பேட்டர்களுக்குத் துரு ஏறிவிடுகிறது, ஆகவே முதல் சுற்றைத் தாண்டுவதே சாபம் என்று. 2022, 2023 இரண்டையும் மட்டும் எடுத்தால் ஓய்வெடுத்த எட்டு அணிகளில் மூன்றுதான் அடுத்த தொடரை ஜெயித்தன. வாதம் பலமாகத்தான் தெரியும். ஆனால் 2024-ல் நான்கில் மூன்று, 2025-ல் நான்கில் மூன்று. மொத்தம் 16-ல் 9, அதாவது 56 சதவீதம். மேலே நாம் கணக்குப் போட்ட 59-க்கு அது எவ்வளவு பக்கம் என்று பாருங்கள். 16 தொடர் என்பது சின்ன எண்ணிக்கை. அதை வைத்துத் துரு இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இருந்தாலும் அது ஒரு முழுச் சுற்று மிச்சமாவதை விழுங்கும் அளவுக்குப் பெரிதில்லை. கடைசி வாரத்தில் உங்கள் அணி இரண்டாம் இடமா மூன்றாம் இடமா என்று இழுபறியில் இருந்தால் இரண்டாம் இடத்துக்கே வேண்டிக்கொள்ளுங்கள். 2025-ல் டாட்ஜர்ஸ் மூன்றாம் இடத்திலிருந்து கோப்பைக்குப் போனது உண்மை. வழக்கத்தை விட ஒரு தொடர் கூடுதலாக ஆடித்தான் போனது.

இனி உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதி, எதைப் பார்த்து நம்புவது. அக்டோபர் பேஸ்பால் சீசன் பேஸ்பாலிலிருந்து வேறுபடுவது முக்கியமாக ஓர் இடத்தில்தான், பந்தெறிபவர்களின் எண்ணிக்கையில். சீசனில் ஐந்து ஸ்டார்ட்டர்கள் (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்ச்சர்கள்) மாறி மாறி வருவார்கள், 162 ஆட்டத்துக்கு உடம்பு தாங்க வேண்டுமே. பிளேஆஃபில் நடுநடுவே பயண நாட்கள் இருப்பதால் ஐந்தாமவர் தேவையில்லை, சில அணிகளுக்கு நான்காமவரும் தேவையில்லை. ஏழு ரன் பின்தங்கிய ஆட்டத்தில் பந்தை வாங்கி, ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் மூன்றை ஓட்டுகிற கடைநிலை ரிலீவரும் (ஸ்டார்ட்டருக்குப் பிறகு வரும் பிட்ச்சர்) மறைந்துவிடுகிறார். அதாவது சீசனில் உங்கள் பேட்டர்கள் ரன் குவித்தது பெரும்பாலும் யாருக்கு எதிராகவோ, அவர்கள் களத்திலேயே இல்லை. ஒரு சின்னக் கணக்கு: சாதாரணமாக ஒரு பேட்டர் அவுட் ஆகாமல் பேஸுக்குப் போகும் வாய்ப்பு 33 சதவீதம் என்றால், மூன்று பேர் வரிசையாகப் போக 3.6 சதவீதம். நல்ல பிட்ச்சருக்கு எதிராக அது 29 ஆகக் குறைந்தால் மூவர் வரிசையாகப் போக 2.4. ஒருவரின் வாய்ப்பு நான்கு புள்ளிதான் குறைந்தது. வரிசையாக மூவர் போகும் வாய்ப்பில் மூன்றில் ஒரு பங்கே போய்விட்டது. அக்டோபரில் ரன் பெரும்பாலும் ஹோம் ரன்னாகவே (பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது) வருவதாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். ஹோம் ரன்னுக்கு ஒருவர் போதும், மூவர் வேண்டாம்.

அதனால் உங்கள் அணியின் சீசன் சராசரியை மறந்துவிட்டு மூன்று விஷயங்களைத் தனியாக எடுத்துப் பாருங்கள். முதலாவது, முதல் மூன்று ஸ்டார்ட்டர்கள் யார், முதல் ஆட்டத்தன்று அவர்கள் எத்தனை நாள் ஓய்வில் இருக்கிறார்கள். நான்கு அல்லது ஐந்து நாள் இடைவெளி இயல்பு. மூன்று நாளில் திரும்ப வந்தால் பந்தின் வேகம் இருக்கலாம், ஆனால் போகப்போகக் குறி தவறத் தொடங்கலாம். பிளேஆஃப் இடத்தை உறுதி செய்யவே கடைசி ஞாயிறுவரை போராடிய அணியின் நம்பர் ஒன் அன்றே செலவாகியிருப்பார்; வைல்டு கார்டு தொடரில் அவர் வருவது கடினம். இரண்டாவது, புல்பென்னில் (ரிலீவர் கூட்டத்தில்) நெருக்கடியில் நம்பிப் பந்தைக் கொடுக்கக்கூடியவர்கள் எத்தனை பேர். பெரும்பாலான மேலாளர்கள் இப்போது ஸ்டார்ட்டரை 18 பேட்டர்கள்வரை, அதாவது வரிசை இரண்டு சுற்று முடிகிறவரைதான் விடுகிறார்கள். மூன்றாம் முறை பார்க்கும் பேட்டர் கூடுதலாக அடிப்பார் என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். இன்னிங்ஸுக்கு மூன்று அவுட் என்பதால் ஸ்டார்ட்டர் ஐந்து இன்னிங்ஸ் போனால் 15 அவுட். மிச்சம் 12 அவுட் புல்பென்னின் தலையில். நம்பகமானவர்கள் இருவர்தான் என்றால் ஒரு நாள் சமாளிக்கலாம், மூன்று நாள் தொடர்ந்து முடியாது. ஏழு ஆட்டத் தொடரில் மூன்று, நான்கு, ஐந்தாவது ஆட்டங்கள் ஒரே மைதானத்தில் இடைவெளியில்லாமல் மூன்று நாள் நடக்கும். புல்பென் ஆழம் தெரிவது அங்கேதான். மூன்றாவது, ஹோம் ரன் அடிப்பவர்கள் யார், எதிரணியின் பிட்ச்சர்கள் வலக்கையா இடக்கையா.

ஒன்றின் விலை அடுத்ததில் எப்படி விழுகிறது என்பதற்கு உங்கள் 2025-ஐவிட நல்ல உதாரணம் கிடைக்காது. டிட்ராய்ட்டுக்கு எதிரான டிவிஷன் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் எதிரணி பிட்ச்சர் தாரிக் ஸ்கூபல் ஆறு இன்னிங்ஸில் 13 பேரை ஸ்ட்ரைக் அவுட் (பந்தைக் களத்துக்குள் அடிக்கவிடாமல் அவுட்) செய்தார், ஆட்டம் 15 இன்னிங்ஸ் போனது, கடைசியில் ஹொர்கே பொலாங்கோ அடித்த அடியில் 3-2 என்று மரினர்ஸ் ஜெயித்தது. கொண்டாட்டம் சரி. ஆனால் அந்த இரவைத் தாண்ட லோகன் கில்பர்ட், லூயிஸ் கஸ்டியோ என்று இரண்டு ஸ்டார்ட்டர்களை ரிலீவராக இறக்க வேண்டியிருந்தது. இரண்டு நாள் கழித்து டொரண்டோவில் லீக் சாம்பியன்ஷிப் தொடக்கம். மூன்றே நாள் ஓய்வில் பிரைஸ் மில்லர் வந்தார். முதல் பந்திலேயே டொரண்டோவின் ஸ்பிரிங்கர் ஹோம் ரன். பிறகு மில்லர் ஆறு இன்னிங்ஸ் தாங்கி, அந்த ஆட்டமும் 3-1 என்று கிடைத்தது. இது எதிர்பார்க்கக்கூடிய விளைவு அல்ல. ஒரு பிட்ச்சர் தன் இயல்புக்கு மேல் செய்தது. இரண்டாவது ஆட்டமும் 10-3 என்று வெற்றி. சியாட்டிலுக்குத் திரும்பி, அந்த மூன்று தொடர் நாட்களில் 13-4, 8-2 என்று இரண்டு தோல்வி, பிறகு சுவாரெஸின் கிராண்ட் ஸ்லாமோடு (நான்கு ரன் தரும் ஹோம் ரன்) 6-2 வெற்றி. உள்ளூர் மைதானத்தில் ஒரே ஒரு வெற்றி கூடுதலாக வந்திருந்தால் கதை வேறு. ஆனால் சீசன் மொத்தத்தையும் எடுத்தால்கூட மேஜர் லீகில் உள்ளூர் அணி ஜெயிப்பது சுமார் 54 சதவீதம்தான்.

அதே டொரண்டோ தொடரில் அக்டோபர் 20 அன்று நடந்த ஏழாவது ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்டிருந்தீர்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மரினர்ஸின் ஸ்டார்ட்டர் கிர்பி நான்கு இன்னிங்ஸ் எறிந்து முடித்து, ஐந்து ஆறு இரண்டையும் பிரையன் வூ பார்த்துக்கொண்டார். 3-1 என்று மரினர்ஸ் முன்னால். ஏழாவதில் வூ முதல் பேட்டருக்கு வாக் (தவறான பந்துகளால் இலவசமாக ஒரு பேஸ்) கொடுத்தார், அடுத்தவர் சிங்கிள், அதற்கடுத்தவர் பன்ட் ஆடி (பந்தை மெதுவாகத் தட்டி) இருவரையும் நகர்த்தினார். ஒரு அவுட், இரண்டாம் மூன்றாம் பேஸில் ஆள், எதிரே ஜார்ஜ் ஸ்பிரிங்கர். வேர்ல்டு சீரிஸுக்கு இன்னும் எட்டு அவுட். மேலாளர் டான் வில்சன் ரிலீவர் எட்வார்ட் பசார்டோவை அழைத்தார். கடைசி இன்னிங்ஸை முடித்துவைக்கும் குளோசர் ஆந்த்ரேஸ் முன்யோஸை அழைக்கவில்லை. ஸ்பிரிங்கர் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார், 4-3, அதுவே முடிவு.

முன்யோஸ் ஏன் வரவில்லை என்பது நியாயமான கேள்வி. ஆட்டத்தின் மிக நெருக்கடியான இடம் ஒன்பதாவது இன்னிங்ஸில்தான் வரவேண்டும் என்று சட்டமில்லை. அன்று அது ஏழாவதில் வந்தது. சிறந்த ரிலீவரை மிக மோசமான தருணத்தில் கொண்டு வா என்பது 2016-ல் கிளீவ்லாந்து ஆண்ட்ரூ மில்லரை ஐந்தாவது, ஆறாவது இன்னிங்ஸிலேயே இறக்கியதிலிருந்து எல்லோரும் ஒப்புக்கொண்ட பாடம். என் கணிப்பிலும் முன்யோஸ்தான் சரி. இரண்டாம் மூன்றாம் பேஸில் ஆள் இருக்கும்போது ஸ்ட்ரைக் அவுட் மற்ற எந்த அவுட்டையும்விட மதிப்பானது, அதை எடுப்பதில் அவர் ஒரு படி மேல். மறுபக்கமும் இருக்கிறது. பசார்டோவின் சிங்கர் (கீழிறங்கும் வேகப்பந்து) தரையோடு போகிற பந்தை வரவைப்பது. ஏழாவதில் குளோசரை இறக்கினால் எட்டு அவுட்டையும் அவரே எடுக்க முடியாது, எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ வேறொருவர் இதே மாதிரி இடத்தில் நிற்க நேரும். இந்த இரண்டு தேர்வுக்கும் இடையே உள்ள வித்தியாசம் சில சதவீதம்தான் இருக்கும். முன்யோஸ் வந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்பது யாராலும் சொல்ல முடியாதது. தவறான முடிவு நல்ல விளைவு தரும், சரியான முடிவு ஹோம் ரன்னில் முடியும். அந்த இரவுக்கு இவ்வளவுதான் உறுதியாகச் சொல்லலாம்: முடிவு விவாதத்துக்குரியது, அணி மோசமானது அல்ல.

பேட்டர்களை வைத்து வரும் கோபத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. "சீசன் முழுக்க அடிச்சான், அக்டோபர்ல காணோம்" என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் மாட்டிக்கொள்வார். ஐந்து ஆட்டத் தொடரில் ஒருவருக்கு 20 முறை பேட் செய்ய வாய்ப்பு என்று வைப்போம். சராசரி 270 (ஆயிரம் முறைக்கு 270 ஹிட்) உள்ள பேட்டர், எந்தப் பதற்றமும் இல்லாமல், வெறும் அதிர்ஷ்டத்தால் மட்டும் 20-க்கு இரண்டு ஹிட்டோ அதற்குக் குறைவோ எடுக்க வாய்ப்பு 6 சதவீதத்துக்குச் சற்று மேல். வரிசையில் இருப்பது ஒன்பது பேர். ஒன்பதில் ஒருவராவது அப்படி மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு ஏறக்குறைய 45 சதவீதம். அதாவது இரண்டு தொடருக்கு ஒருமுறை ஒரு பலியாடு தானாகவே கிடைத்துவிடுவார். அவருக்கு எதிராக நல்ல பிட்ச்சர்கள் மட்டுமே எறிகிறார்கள் என்பதையும் சேர்த்தால் எண் இன்னும் கூடும். இதே காரணத்தால் "அக்டோபர் நாயகன்" என்ற பட்டத்தையும் பாதி விலைக்கே வாங்குங்கள்.

எதை நம்பக் கூடாது என்பதும் சொல்ல வேண்டும். செப்டம்பர் வேகம்: கடைசி மாதம் 20 ஆட்டம் ஜெயித்த அணி பிளேஆஃபில் கூடுதலாக ஜெயிக்கும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை, முழு சீசன் கணக்குதான் கடைசி மாதக் கணக்கைவிட நன்றாகக் கணிக்கிறது. நேருக்கு நேர் சாதனை: அந்த எதிரணியோடு சீசனில் ஆடியது பெரும்பாலும் ஆறேழு ஆட்டம், அதில் பாதி பிளேஆஃபில் வரவே போகாத பிட்ச்சர்களோடு. வெற்றி எண்ணிக்கையைவிட ரன் வித்தியாசத்தைப் பாருங்கள். பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் கொடுத்த சூத்திரம் எளிது: எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்த ரன்னின் வர்க்கமும் கொடுத்த ரன்னின் வர்க்கமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுங்கள். 750 எடுத்து 650 கொடுத்த அணிக்கு 0.571 வரும், 162 ஆட்டத்தில் 92 அல்லது 93 வெற்றி. உங்கள் அணி அதைவிட ஏழெட்டு ஆட்டம் கூடுதலாக ஜெயித்திருந்தால் ஒரு ரன் வித்தியாசத்து ஆட்டங்களில் அதிர்ஷ்டம் கைகொடுத்திருக்கிறது என்று அர்த்தம். நம்பிக்கையை அந்த அளவு கீழே இறக்கிக்கொள்ளுங்கள். குறைவாக ஜெயித்திருந்தால் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம்.

இடையில் நிற்கிற விஷயங்களும் உண்டு. ஸ்ட்ரைக் அவுட் ஆகாமல் பந்தைத் தொட்டுவிடும் அணிகளுக்கு அக்டோபர் சாதகமா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. 2025 டொரண்டோ அப்படிப்பட்ட அணி, வேர்ல்டு சீரிஸ் ஏழாவது ஆட்டத்தின் 11-வது இன்னிங்ஸ்வரை போனது, ஆனால் ஒரு அணியை வைத்து விதி எழுத முடியாது. ஒரே ரிலீவரை ஒரு தொடரில் மூன்றாவது, நான்காவது முறை பார்க்கும் பேட்டர் தேறிவிடுவாரா என்பதும் அப்படித்தான். தர்க்கம் சரியாக இருக்கிறது, அளவு சின்னது. சியாட்டில் மைதானம் ரன்னை அடக்குவது என்பது மட்டும் உறுதி. அங்கே அக்டோபர் இரவின் குளிர் காற்றில் பந்து இன்னும் குறைவாகவே பறக்கும். அது இரு அணிக்கும் பொது என்றாலும், பிட்ச்சர்களை நம்பிக் கட்டிய அணிக்குப் பழகிய இடம்.

ஆக, பிளேஆஃப் தொடங்கும் அன்று காலை செய்ய வேண்டியது இது. ஒவ்வொரு தொடரும் தொடங்குமுன் அணிகள் 26 பேர் பட்டியலைக் கொடுக்கும். அதில் 12 பிட்ச்சரா 13-ஆ என்று எண்ணுங்கள். 13 என்றால் மேலாளர் தன் ஸ்டார்ட்டர்களை முழுசாக நம்பாமல் இருக்கலாம். காயத்திலிருந்து திரும்பும் யாராவது இருக்கிறாரா, இல்லையா என்று பாருங்கள். 2025 டிட்ராய்ட் தொடரில் வூ பட்டியலிலேயே இல்லை. நடுவில் காயமென்று ஒருவரை நீக்கினால் அவர் அந்தத் தொடரோடு அடுத்த தொடருக்கும் கிடையாது. எனவே அரைகுறையாகக் குணமான நட்சத்திரத்தைச் சேர்ப்பது தைரியம் அல்ல, கடன். பிறகு கடைசி நான்கு நாளில் முதல் நான்கு ரிலீவர்கள் எத்தனை பந்து எறிந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நேற்றும் முந்தாநாளும் 20 பந்துக்கு மேல் போனவர் இன்று கிடைக்க மாட்டார், கிடைத்தாலும் அவர் அவரில்லை.

முதல் ஆட்டம் முடிந்ததும் எண்களைத் திருத்திக்கொள்ளுங்கள். நாம் எடுத்த 55 சதவீத அணியே என்றாலும், ஐந்து ஆட்டத் தொடரில் முதலாவதை ஜெயித்தால் தொடர் வாய்ப்பு 76, தோற்றால் 39, முதல் இரண்டும் போனால் 17. ஏழு ஆட்டத் தொடரில் முதலாவதைத் தோற்றாலும் 44 மிச்சம் இருக்கும். அந்த இரவில் டிவியை உடைக்க வேண்டியதில்லை. மூன்று ஆட்டத் தொடரில் முதலாவது போனால் 30, அங்கே பயப்படலாம். ஏழு ஆட்டத் தொடரில் 0-3 என்று போய்விட்டால், மேஜர் லீக் வரலாற்றில் அதிலிருந்து திரும்பி வந்த அணி ஒன்றே ஒன்று, 2004 பாஸ்டன்.

கடைசியாக நடைமுறைக்கு ஒன்று. சீசனில் 10-வது இன்னிங்ஸிலிருந்து இரண்டாம் பேஸில் தானாக ஓர் ஆளை நிறுத்துவார்கள், ஆட்டம் சீக்கிரம் முடிய. பிளேஆஃபில் அந்த விதி கிடையாது. 2022-ல் ஹியூஸ்டனோடு உங்கள் அணி 18 இன்னிங்ஸ், 6 மணி 22 நிமிடம் ஆடி ஒரு ரன்கூட எடுக்காமல் 1-0 என்று தோற்றதும் அதனால்தான். ஆட்டம் இருக்கிற இரவுக்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மீட்டிங் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.